திசை காட்டிய செம்மல்

மனித குலம் இரண்டு காலில் எழுந்து நின்ற நாள் முதலாய் எதற்காகக் காத்திருந்ததோ அந்த மகத்தான நிகழ்ச்சி, 2011 ஜூலை பதினேழாம் தேதி ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு, அதாவது ராகு காலம் பிறக்க அரை மணி முன்னதாக, சிதம்பரம் கீழவீதியில் நடந்தேறும் என்று நாற்பதடி ஃபிளெக்ஸ் பேனர் ஒன்று உலகத்துக்கு அறிவித்தது. உலகம் என்பது அந்த நேரத்தில் இரண்டு பூக்கடை, ஒரு காபிக்கடை, வழி தெரியாமல் நின்றிருந்த ஆந்திரா டூரிஸ்ட் பஸ் ஒன்று.

பேனர் மேலும் சொன்னது: "தாய்லாந்து மண்ணில் நானூறு மீட்டர் தூரத்தை 45.32 விநாடிகளில் தனியொருத்தியாகக் கடந்து பதக்கம் கொய்த தடகளத் தாரகை ஜான்சி அவர்களுக்கும், அவருக்குத் திசை காட்டிய செம்மல், குறிஞ்சிப்பாடி ஈன்ற கொடை, நவீன அரிசி ஆலை அதிபர், கடலூர்–சிதம்பரம் வட்டாரத் தடகள வளர்ச்சிப் பேரவையின் நிறுவனத் தலைவர் பொன்னுரங்கனார் அவர்களுக்கும் மாபெரும் பாராட்டு விழா."

அந்த வேகத்தில் பூமியில் எந்தப் பெண்ணும் நானூறு மீட்டர் ஓடியதில்லை. நான்கு பெண்கள் ஆளுக்கு நூறாகப் பிரித்துக்கொண்டு ஓடினால்தான் உண்டு. அப்படித்தான் ஓடினார்கள். நாலு நூறு நானூறு என்று கணக்குப் போட்டவர் அச்சகத்துக் கொளஞ்சியப்பன்.

பேனரில் பொன்னுரங்கத்தின் உயரம் பதினெட்டடி. நேரில் ஐந்தே கால். வலது கையை நீட்டி எதிர்காலத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். படம் எடுத்த அன்று அவர் காட்டியது ரைஸ்மில்லுக்குள் ரிவர்ஸில் வந்த லாரியை. கொளஞ்சியப்பன் லாரியை அழித்துவிட்டு அந்த இடத்தில் பூமி உருண்டையை வைத்துவிட்டார். ஜான்சி கீழே இடது ஓரத்தில், அச்சகத்தின் செல் நம்பருக்குப் பக்கத்தில், பத்தாம் வகுப்பு ஹால் டிக்கெட் படத்தில் இரட்டைச் சடையோடு விழித்துக்கொண்டிருந்தாள்.

இத்தனை பொய்க்கும் நடுவில் ஒரு வார்த்தை மட்டும் சத்தியம். பொன்னுரங்கம் அவளுக்குத் திசை காட்டியது உண்மைதான்.

அது 2004இல். ஜான்சிக்குப் பதின்மூன்று வயது. அப்பா ராபர்ட் தபால் நிலையத்தில் கவுண்டர் கிளார்க். தெற்குவீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருப்பு. பள்ளிக்கூடத்து மைதானத்தில் ஸ்கூல் வேன்கள் ஓய்வெடுத்துக்கொண்டிருந்ததால், மகளை விடியற்காலையில் தேரோடும் நான்கு வீதிகளிலும் ஓடவிட்டு, பின்னால் சைக்கிளில் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வருவார் ராபர்ட். அத்தனை பெரிய தேரே ஓடுகிற வீதியில் முப்பத்தைந்து கிலோ பெண் ஓடக் கூடாதா என்பது அவர் வாதம்.

முதல் நாள் அவள் கால் போன போக்கில் இடது பக்கமாகக் கிளம்பினாள். முதல் மூலையிலேயே எதிரே வந்தார் பொன்னுரங்கம், காலை நடைக்கு, பின்னால் பத்து பேரோடு. அவர் தனியாக நடந்து யாரும் பார்த்ததில்லை.

"இந்தாம்மா, நில்லு. எந்தப் பக்கமா ஓடற?"

"இந்தப் பக்கமா."

"கோயிலச் சுத்தி யாராவது இடமா வருவாங்களா? சாவுச் சடங்குலதான் அப்பிடிச் சுத்துவாங்க. வலமா ஓடு."

ராபர்ட் சைக்கிளிலிருந்து இறங்கினார். "ஐயா, நாங்க சர்ச்சுக்குப் போறவங்க."

"மதம் எதுவா இருந்தா என்னா ராபர்ட்டு. திசை எல்லாருக்கும் ஒண்ணுதான்."

"ஆட்டோல்லாம் ரெண்டு பக்கமும் போவுதுங்களே ஐயா."

"ஆட்டோவுக்கு ஆத்மா கெடையாது."

பின்னால் நின்ற பத்து பேரும் தலையாட்டினார்கள். ஓரமாக நின்ற ஆட்டோக்காரர் தன் வண்டியை ஒரு தடவை குனிந்து பார்த்துக்கொண்டார். மறுநாளிலிருந்து ஜான்சி வலமாக ஓடினாள். தினம் ஆறு சுற்று, சுற்றுக்கு நான்கு மூலை, எல்லாம் வலது பக்கத் திருப்பம். இரண்டு வருஷத்தில் பதினேழாயிரத்து ஐந்நூற்றுச் சொச்சம் தடவை வலது பக்கம் திரும்பினாள். இடது பக்கம் ஒரு தடவைகூட இல்லை.

உலகத்தில் உள்ள ஓடுகளம் எல்லாவற்றிலும் இடது பக்கமாகத்தான் திரும்ப வேண்டும் என்ற செய்தி 2006இல், கடலூரில் நடந்த மாவட்டப் போட்டியில், அவளுக்குத் தெரிவிக்கப்பட்டது. தெரிவித்தவர்கள் எதிரே ஓடி வந்து மோதிய ஏழு பெண்கள். அது பயிற்சி ஓட்டம்தான், மன்னித்துவிட்டார்கள். முந்நூறு மீட்டர் பந்தயம்தான் சரித்திரம். துப்பாக்கி வெடித்ததும் நான்காம் தடத்தில் கடைசியாக எழுந்தவள், நேர்ப்பாதையில் அம்பாகப் பறந்தாள். வளைவு வந்தது. மற்றவர்கள் வளைந்தார்கள். ஜான்சி ஐந்தாம் தடத்துக்குப் போனாள், அங்கிருந்து ஆறாம் தடத்துக்கு, பிறகு களத்தை விட்டே வெளியேறி நீளம் தாண்டும் மணல்குழிக்குள் போய் நின்றாள். அங்கிருந்த நடுவர் பழக்க தோஷத்தில் டேப்பை எடுத்துவிட்டார்.

மணலைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தவளிடம் வந்தார் சத்யப்பிரியா. தடகளப் பயிற்சியாளர், ஒரு காலத்தில் தடை தாண்டி ஓடியவர், வாய்க்கு மட்டும் தடை கிடையாது.

"நேரா ஓடறப்ப யாருடா இது, இப்பிடிப் பறக்குதேன்னு எந்திரிச்சு நின்னேன். திரும்பறப்பதான தெரியுது, ஸ்டியரிங் லாக் ஆன டெம்போன்னு. எங்க பழகுன?"

"சிதம்பரம் நாலு வீதில, மேடம்."

"எந்தப் பக்கமா?"

"வலமா."

சத்யப்பிரியா புல்லிலேயே உட்கார்ந்துவிட்டார். சிரித்து முடிக்க நேரமானது. "நீ ஓடலடி. ரெண்டு வருஷமா பிரதட்சணம் பண்ணிட்டு இருந்திருக்க."

அவரிடம் பழகுவதற்காக ஜான்சி கடலூர் செம்மண்டலத்தில் அத்தை வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். பாதையை அகலமாக்குகிறோம் என்று ரயிலை நிறுத்திவைத்திருந்த அந்த நாலு வருஷமும் ராபர்ட் ஞாயிறுதோறும் பஸ்ஸில் வந்து பார்த்தார். சத்யப்பிரியா செய்யாத வைத்தியம் இல்லை. இடது கையில் தண்ணீர் வாளியைக் கொடுத்து ஓடவிட்டார். இடுப்பில் கயிறு கட்டி உள்பக்கமாக இழுத்தார். இடது பக்கம் ஒருக்களித்துத்தான் தூங்க வேண்டும் என்று அத்தைக்கு உத்தரவு போனது. ஒன்றும் நடக்கவில்லை. வளைவு வந்ததும் ஜான்சியின் உடம்பு தில்லையை நினைத்துக்கொண்டு வலது பக்கம் சாய்ந்துவிடும்.

"சரி போ, வளைவே வேணாம்" என்று முடிவு கட்டினார் சத்யப்பிரியா.

வளைவு இல்லாத ஓட்டம் நூறு மீட்டர். ஆனால் அதில் குனிந்த நிலையிலிருந்து எழுந்து புறப்பட வேண்டும். ஜான்சி எழுவதற்குள் மற்றவர்கள் பத்தடி போயிருப்பார்கள். ஓடத் தொடங்கிவிட்டால் பிடிக்க முடியாது, தொடங்குவதுதான் கஷ்டம். இப்படிப்பட்ட பிறவிக்கென்றே கடவுள் படைத்த இடம் ஒன்று உண்டு. நாலு பேர் ஓடும் ரிலேயில் இரண்டாவது ஆள். கைமாற்றும் குச்சியான பேட்டனை ஓடிக்கொண்டே வாங்கலாம். மைதானத்தின் அந்தப் பக்கத்து நேர்ப்பாதையில் ஒரே ஓட்டமாக ஓடி, வளைவு ஆரம்பிக்கும் இடத்தில் மூன்றாவது ஆள் கையில் கொடுத்துவிட்டு, மூச்சு வாங்கலாம்.

அந்த நூறு மீட்டரில் ஜான்சி மாநிலத்தைத் தாண்டினாள், ஜூனியர் தேசியப் போட்டியைத் தாண்டினாள், 2010இல் பாட்டியாலா முகாமுக்குப் போய் இந்திய ரிலே அணியில் சேர்ந்தாள், இரண்டு வெளிநாடுகளில் ஓடினாள். எல்லா மைதானத்திலும் பார்வையாளர்கள் உட்காருவது இந்தப் பக்கம், அவள் ஓடுவது அந்தப் பக்கம். டிவியில் தெரிந்த சிறு புள்ளியைக் காட்டி, "அதான் எம்பொண்ணு" என்பார் ராபர்ட். "எது மச்சான், அந்தக் கொடி பிடிச்சிருக்கறவனா?" என்பார் கொளஞ்சியப்பன். இருவரும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு.

2011 மே மாதம் இந்த ஏற்பாட்டில் இடி விழுந்தது. அணியின் மூன்றாவது பெண்ணுக்குத் தொடைத்தசை பிடித்துக்கொண்டது. ஒரிசாவிலிருந்து புதிதாக ஒரு பெண் வந்தாள். நேர்ப்பாதையில் ஜான்சியைவிட வேகம். முகாமின் பயிற்சியாளர் சுருக்கமாகச் சொல்லிவிட்டார். ஜூன் கடைசியில் பாங்காக்கில் ஆசிய அழைப்புப் போட்டி. இரண்டாவது இடம் ஒரிசாப் பெண்ணுக்கு. ஜான்சி வேண்டுமானால் மூன்றாவதாக ஓடலாம். மூன்றாவது என்றால் முழுக்க முழுக்க வளைவு. ஒரு அடி கோட்டைத் தாண்டினால் நாலு பேருக்கும் ஓட்டம் ரத்து. மூன்று வாரத்தில் தேர்வு. வளைந்தால் பாங்காக், வளையாவிட்டால் சிதம்பரம், அதுவும் நிரந்தரமாக.

இரண்டு வார விடுப்பில் கடலூருக்கு வந்தாள். மைதானத்தில் பொருட்காட்சி. சரியாக வளைவு இருந்த இடத்தில் ராட்டினம் சுற்றிக்கொண்டிருந்தது.

"அது எந்தப் பக்கமா சுத்துது பாத்தியா? இடமா" என்றார் சத்யப்பிரியா. "இரும்புக்குத் தெரியுது. நீ சிதம்பரத்துக்கே போ. எங்க கோணிக்கிட்டியோ அங்கயே எதிர்ப்பக்கமா ஓடு."

மறுநாள் காலை ஐந்தரைக்கு, ஏழு வருஷம் கழித்து, ஜான்சி நான்கு வீதிகளில் இடமாக ஓடினாள். இரண்டாவது மூலையில் எதிரே வந்தார் பொன்னுரங்கம். இப்போது அவருக்குப் பின்னால் பதினாறு பேர்.

"இது யாரு, ராபர்ட்டு பொண்ணா? இந்தியாவுக்கே ஓடற பொண்ணு இப்பிடியா ஓடும்?"

"இந்தியாவுக்கு இப்பிடித்தான் ஐயா ஓடணும். பந்தயத்துல எல்லாரும் இடமாத்தான் போவாங்க."

"எந்த முட்டாள் சொன்னான்?"

"உலகமே அப்பிடித்தான் ஐயா."

"உலகம் தப்பாப் போவுதுன்னு நான் முப்பது வருஷமா மேடையில சொல்லிட்டிருக்கேன். எவன் கேக்கறான்?"

அன்று மாலையே பேரவையின் அவசரக் கூட்டம் ரைஸ்மில் மாடியில் கூடியது. பேரவை தொடங்கி ஆறு வருஷத்தில் அது நடத்தியது பதினோரு பாராட்டு விழாக்கள், பதினொன்றும் பொன்னுரங்கத்துக்கு. ஓட்டத்தைப் பற்றிக் கூடியது இதுவே முதல் முறை. துணைத் தலைவர் ராமாமிர்தம், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், ஒரு யோசனை சொன்னார்.

"பொண்ணு பின்பக்கமா ஓடட்டும் தலைவரே. காலு இடமா போனாலும் முகம் வலமாப் பாத்துக்கிட்டு இருக்கும். சாஸ்திரம் முகத்தைத்தானே பாக்குது?"

கூட்டம் மேசையைத் தட்டி வரவேற்றது. யோசனை தன்னுடையது இல்லை என்ற ஒரே காரணத்துக்காகப் பொன்னுரங்கம் நிராகரித்தார். கடைசியில் நிறைவேறிய தீர்மானம் இது: மூலைக்கு நான்கு பேர் வீதம் பதினாறு பேரவை உறுப்பினர்கள் தினமும் காலையில் கைகோத்து நின்று எதிர்வல ஓட்டத்தை அறவழியில் தடுப்பது. கொளஞ்சியப்பன் போட்டோ எடுக்க வருவார் என்பதால் எல்லோரும் கஞ்சி போட்ட வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை.

இங்கேதான் வரலாறு வழுக்கியது. வழுக்கியது என்றால் சாணியில்.

நான்கு மூலையிலும் உள்பக்கம், கோயில் பக்கமாக, மாடுகள் படுக்கும். பூக்கடைக்காரர்கள் விடியற்காலையில் வாடிய மாலைகளை அங்கே போடுவார்கள், மாடுகள் தின்னும், தின்றதற்கு அத்தாட்சியும் அங்கேயே இருக்கும். வெளிமூலையிலிருந்து கைகோத்துக்கொண்டு வந்த பேரவை, சாணிக்கு நாலடி முன்னால் நின்றுவிட்டது. கஞ்சி போட்ட வேட்டி அதற்கு மேல் போக மறுத்தது. வரிசையின் கடைசியில் நின்ற ராமாமிர்தத்திடம் கொளஞ்சியப்பன், "இன்னும் கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார்" என்றதற்கு, "நான் கெசட்டட் அந்தஸ்துல ரிட்டயர் ஆனவன்" என்றார்.

ஆக, இடப்பக்கம் சாணி, வலப்பக்கம் பேரவை. நடுவில் நாலடி.

முதல் நாள் ஜான்சி பழையபடி வலது பக்கம் சாய்ந்தாள். ராமாமிர்தத்தின் வயிற்றில் போய் மோதினாள். "என்னம்மா இது" என்றார் அவர் தரையிலிருந்து. இரண்டாம் நாள் அதற்குப் பயந்து இடது பக்கம் ஒடுங்கினாள். கணுக்கால் வரை சாணி. மூன்றாம் நாள் இரண்டும் நடந்தது, ஒரே சுற்றில். வீட்டுக்கு வந்து வாசலில் காலைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "ஒடம்பு எங்க சாயணும்னு இப்பதாம்ப்பா புரியுது. ஒரு பக்கம் நாத்தம், ஒரு பக்கம் திட்டு."

ஐந்தாம் நாள் சத்யப்பிரியா முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார். காபிக்கடை ஓரமாக நின்று ஒரு சுற்று பார்த்தார். பிறகு கைப்பையிலிருந்து டேப்பை எடுத்து, மாட்டை லேசாக நகர்த்தி, சாணிக்கும் ராமாமிர்தத்தின் செருப்புக்கும் நடுவில் அளந்தார். ஒரு மீட்டர் இருபத்திரண்டு சென்டிமீட்டர். ஓடுகளத்தில் ஒரு தடத்தின் அகலம், சர்வதேச விதிப்படி, ஒரு மீட்டர் இருபத்திரண்டு சென்டிமீட்டர்.

சத்யப்பிரியா நேராகப் பொன்னுரங்கத்திடம் போனார்.

"ஐயா, உங்க ஆளுங்க ரெண்டு மூலையில கொஞ்சம் விலகி நிக்கறாங்க. இவ சுலபமாத் தப்பிச்சிடறா. இங்க நிக்கற மாதிரியே எல்லா மூலையிலயும் நெருங்கி நிக்கச் சொல்லுங்க. இவ கிளம்பற வரைக்கும் விடாதீங்க."

"நீங்க யாரும்மா?"

"கோச்."

"கோச்சே நம்ம பக்கம் இருக்காங்க" என்று பொன்னுரங்கம் பின்னால் திரும்பிப் பதினாறு பேருக்கும் சொன்னார். நான்கு மூலையும் அன்றே இறுக்கப்பட்டன.

ஏழாம் நாள் காபிக்கடையில் கூட்டம் சேர ஆரம்பித்தது. லால்பேட்டையிலிருந்து அத்தர் விற்க வந்தவர் கடை விரிக்காமல் நின்று பார்த்தார். "வேகம் ஜாஸ்திதான், ஆனா அந்த வாத்தியார் பாவம்" என்றார். எட்டாம் நாள் ஆறு சுற்றில் ஒரே ஒரு உரசல். ஒன்பதாம் நாள், இருபத்துநான்கு மூலை, வேட்டியும் படவில்லை, சாணியும் படவில்லை. கடைசி மூலையில் இடது பக்கம் சாய்ந்து, மாட்டின் கொம்புக்கு ஒரு சாண் விட்டுத் திரும்பி அவள் போனபோது ராமாமிர்தம் தன்னை மறந்து கைதட்டிவிட்டார். கைகோத்திருந்த சங்கிலி அறுந்தது. பொன்னுரங்கம் அவரிடம் விளக்கம் கேட்டுக் கடிதம் அனுப்பினார்.

தேர்வில் ஜான்சி வளைந்தாள். பாங்காக் டிக்கெட் கிடைத்தது.

பந்தய நாள். எட்டு அணிகள். ஐந்தாம் தடத்தின் வளைவு தொடங்கும் இடத்தில் நின்றாள் ஜான்சி. முகாமில் சொல்லிக் கொடுத்ததெல்லாம் மறந்துவிட்டது. பின்னால் ஒரிசாப் பெண், வாங்கிக்கொள் என்பதற்கு இந்தியில், "லே" என்று கத்தினாள். கையைப் பின்னால் நீட்டினாள். பேட்டன் வந்து உட்கார்ந்தது. முன்னால் செந்நிறத் தரையில் இரண்டு வெள்ளைக் கோடு வளைந்துகொண்டே போனது. இடது பக்கத்துக் கோட்டில் சாணி வாடை அடித்தது. வலது பக்கத்துக் கோட்டில் கஞ்சி போட்ட வேட்டிகள் வரிசையாகக் கைகோத்து நின்றன. கடைசியில் கெசட்டட் அந்தஸ்தில் ஒரு வயிறு. இரண்டுக்கும் நடுவே, நாலடியில், இடது தோளைத் தாழ்த்திப் பறந்தாள். சிரிப்பு வந்துவிட்டது. நூறு மீட்டரும் சிரித்துக்கொண்டே ஓடி, "இந்தா" என்று தமிழில் கத்திப் பேட்டனை நீட்டினாள். வாங்கியவள் மலையாளத்துப் பெண். அவளுக்குப் புரிந்தது.

ஜான்சி அதற்குப் பிறகு பந்தயத்தைப் பார்க்கவில்லை. வளைவில் உட்கார்ந்திருந்த நடுவரைத்தான் பார்த்தாள். தவறு என்றால் மஞ்சள் கொடி, சரி என்றால் வெள்ளைக் கொடி. நடுவர் எழுந்தார், மெதுவாக, வேண்டுமென்றே மெதுவாக என்று அவளுக்குப் பட்டது. வெள்ளைக் கொடி தூக்கினார். ஜான்சி குதித்தாள். பக்கத்துத் தடத்து ஜப்பான்காரியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தாள். அந்தப் பெண் எதற்கு என்று தெரியாமல் கூடவே குதித்தாள்.

ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் ராபர்ட்டுக்குப் போன் வந்தது. கொளஞ்சியப்பனும் பக்கத்தில் இருந்தார். லைன் கரகரத்தது.

"அப்பா, மூணாவதா ஓடிட்டேம்ப்பா. மூணாவது. கோட்டத் தாண்டல."

"தாண்டலயாம்மா?"

"தாண்டவே இல்லப்பா. வெள்ளக் கொடி."

லைன் அறுந்தது. ராபர்ட் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். கொளஞ்சியப்பன் அதற்குள் வாசலுக்குப் போய் இன்னொரு போனில் பேசிக்கொண்டிருந்தார். "தலைவரே, மூணாவது. ஆமா, ஆசியாவுலயே மூணாவது. வெண்கலம்."

"அது மூணாவது ஆளா ஓடுனேன்னு சொல்லுதுடா" என்று ராபர்ட் பின்னாலேயே போனார். "எத்தனாவதா வந்தாங்கன்னு நான் கேக்கவே இல்ல."

"ஓடுன எடம், வந்த எடம். எடம் எடந்தான மச்சான்."

மறுநாள் மகள் மறுபடி பேசி, அணி ஓடிய நேரம் 45.32 என்று சொன்னபோதும் ராபர்ட் இடத்தைக் கேட்கவில்லை. அங்கே சோறு கிடைக்கிறதா என்று கேட்டார். கோட்டைத் தாண்டாத பெண்ணிடம் வேறு என்ன கேட்பது என்று அவருக்குத் தோன்றவில்லை.

பொன்னுரங்கம் வெண்கலம் என்ற சொல்லை மட்டும் மறுத்தார். "வெண்கலம்னு போட்டா பாத்திரக்கடை வெளம்பரம் மாதிரி இருக்கும். பதக்கம்னு போடு." அப்படித்தான் அந்தப் பேனர் பிறந்தது. மற்ற மூன்று பெண்களைப் பற்றி ராபர்ட் நினைவூட்டியபோது கொளஞ்சியப்பன் வருத்தத்தோடு சொன்னார்: "அவுங்க பேரப் போட்டா படமும் போடணும் மச்சான். தலைவர் கைக்குப் பக்கத்துல எடம் இல்ல. பூமி உருண்டை இருக்கு."

விழா அன்று ஜான்சியை ரயில் நிலையத்திலிருந்து திறந்த ஜீப்பில் ஏற்றினார்கள். பேனரைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது.

"மாமா, ஒரு விஷயம் சொல்லணும்."

"அப்புறம் சொல்லலாம், கைய ஆட்டும்மா" என்றார் கொளஞ்சியப்பன்.

ஜீப் நான்கு வீதிகளையும் சுற்றியது. வலமாகத்தான். மேடையில் நாற்பத்து மூன்று சால்வை போர்த்தினார்கள். நாற்பதாவதில் அவள் மூக்கு வரை மறைந்துவிட்டது. "ஐயா, ஒரு நிமிஷம்" என்று சால்வைக்குள்ளிருந்து குரல் வந்தது. தன்னடக்கம் என்று விளக்கினார் ராமாமிர்தம். பிறகு பொன்னுரங்கம் ஒரு தங்கமுலாம் பூசிய பதக்கத்தை அவள் கழுத்தில் போட்டார். பதக்கத்தின் ஒரு பக்கம் அவர் முகம். மறு பக்கமும் அவர் முகம், கொஞ்சம் சிரித்தபடி.

ஐம்பது நிமிஷம் பேசினார். "ஒரு பெண் திசை தெரியாமல் ஓடிக்கொண்டிருந்தாள். நான் சொன்னேன். வலமாக ஓடு என்றேன். அந்த ஒரு சொல் இன்று தாய்லாந்து வரை கேட்டது." ராகு காலம் வந்துவிட்டதால் பேச்சை அவசரமாக முடித்து, மைக்கை ஜான்சியிடம் நீட்டினார்.

ஜான்சி முதல் வரிசையில் அப்பாவைப் பார்த்தாள். மூன்றாவது வரிசையில் கைக்குட்டையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிய சத்யப்பிரியாவைப் பார்த்தாள். அவளுக்கும் சிரிப்பு பற்றிக்கொண்டது.

"நான் வளைவுல ஓடுனேன்" என்றாள். "கோட்டத் தாண்டல. அது போதும் எனக்கு. மூலையில கைகோத்து நின்ன மாமாங்க பதினாறு பேரும், எதிர்ல படுத்திருந்த மாடுங்களும் இல்லன்னா என்னால ஓடியிருக்க முடியாது. ஐயா எனக்கு ரெண்டு தடவ திசை காட்டுனாங்க. ரெண்டாவது தடவ காட்டுனதுதான் சரி. ஆனா அது அவுங்களுக்குத் தெரியாது."

"கோட்டையைத் தாண்டவில்லை என்கிறாள்" என்று பொன்னுரங்கம் மைக்கை வாங்கிக்கொண்டார். "தாண்டவில்லை. பிடித்தே விட்டாள்." கைதட்டல் அடங்க நேரமானது. பக்கத்துப் பூக்கடை மாடு எழுந்து நின்றது. அதற்கும் யாரோ ஒரு சால்வை போட்டார்கள். நாற்பத்து நான்காவது.

2012 மார்ச்சில், சிறந்த விளையாட்டுப் புரவலர் விருது தருவதாக ஒரு தனியார் அறக்கட்டளை செய்தித்தாளில் விளம்பரம் கொடுத்தது. பொன்னுரங்கம் விண்ணப்பம் வாங்கினார். கொளஞ்சியப்பன் எழுதினார். எல்லாக் கட்டமும் நிரம்பி வழிந்தது. ஒன்பதாவது மட்டும் காலி. "தங்களால் ஊக்குவிக்கப்பட்டவர் சர்வதேசப் போட்டியில் பெற்ற இடம் (சான்றிதழில் உள்ளபடி)." பொன்னுரங்கமே ஜான்சிக்குப் போன் போட்டார். அவள் முகாமில், பயிற்சி முடிந்து, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். இப்போது அவள்தான் அணியின் நிரந்தர மூன்றாவது ஆள்.

"ஏம்மா, அந்தப் பாங்காக்குல மூணாவதுன்னு சான்றிதழ்ல இருக்குல்ல?"

"இல்லீங்க ஐயா. அதத்தான் அன்னிக்கே சொல்ல வந்தேன்."

"பின்ன எத்தனாவது?"

ஜான்சி சொன்னாள். கொளஞ்சியப்பன் அதைக் கட்டத்தில் எழுதினார்.

ஓடியது எட்டு அணி. ஒன்று பேட்டனைக் கீழே போட்டுவிட்டது. இந்தியா ஏழாவது.